முதலாவதா, மேம்பட்டதா? ஒரே பெயரில் இரண்டு கேமரா

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் மேடையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோயில் மண்டபத்தில் ஒரு திருமணம். மாலை நேர முகூர்த்தம். கெட்டிமேளம் ஒலிக்கிறது. மஞ்சள் அரிசி பறக்கிறது. மாப்பிள்ளை குனிந்து தாலி கட்டுகிறார். மூன்று முடிச்சும் விழுந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும்? மிஞ்சிப் போனால் இருபது விநாடி. அந்த இருபது விநாடியைப் படமெடுக்க வந்தவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. "இன்னொரு தடவை கட்டுங்க" என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா?

ஆகவே, படமெடுத்துப் பிழைக்க நினைக்கும் ஒருவர் கேமரா வாங்கப் போவது விளையாட்டுச் சாமான் வாங்குவதைப் போன்றதல்ல. அவர் தம்முடைய பெயரையும், பிறர் வீட்டு நினைவுகளையும் சேர்த்தே விலை பேசுகிறார்.

இன்றைய உரையின் பொருள் இதுதான். ஒரு கேமரா வெளிவருகிறது. நல்ல பெயர் வாங்குகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே பெயரோடு ஒரு வாலும் சேர்ந்து மேம்படுத்தப்பட்ட கேமரா வருகிறது. வாங்குபவர் இரண்டில் எதை எடுப்பது? பழையது மலிவு. புதியது சிறப்பு. இவ்வளவுதானா கணக்கு?

நேயர்கள் ஓர் இளைஞரைக் கற்பனை செய்து கொள்ளலாம். ஊர் கிள்ளான். வார நாள்களில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சனி, ஞாயிறுகளில் மூத்த படக்கலைஞர் ஒருவருக்கு உதவியாளர். விளக்குத் தூக்குவார், குடை பிடிப்பார், பை சுமப்பார். இப்போது முதன்முறையாகத் தனியாக ஒரு திருமணத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். முன்பணமும் வாங்கியாகிவிட்டது. கையில் அம்மா எடுத்துக் கொடுத்த சீட்டுப் பணம். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. பழைய கேமரா விற்கும் கடையில் அவர் முன்னால் இரண்டு கேமராக்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று கெனான் 5டி. மற்றொன்று கெனான் 5டி மார்க் 2.

அவர் எதை எடுப்பார்? அதைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன் இந்த இரண்டு கேமராக்களின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அண்ணனும் தம்பியும்

பிலிம் காலத்தில் ஒரு சட்டத்தின் அளவு 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். டிஜிட்டல் கேமரா வந்தபோது பெரும்பாலானவற்றில் படத்தை வாங்கும் சில்லு அதைவிடச் சிறியதாக இருந்தது. அதனால் என்ன நட்டம்? கெனானின் சிறு சில்லுக் கேமராக்களில் லென்ஸின் பார்வை 1.6 மடங்கு குறுகிவிடும். 24 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் போலப் பார்க்கும். மணவறையைச் சுற்றி உறவினர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது பின்னால் நகர இடமில்லாமல் தவித்தவர்களுக்கு இதன் வலி தெரியும்.

பிலிம் அளவுக்கு முழுச் சில்லு வைத்த கேமராவைக் கெனான் 2002ஆம் ஆண்டிலேயே கொண்டு வந்தது. அதன் பெயர் 1டிஎஸ். விலை ஏறக்குறைய 8,000 அமெரிக்க டாலர். சாதாரணக் கல்யாணப் படக்காரர் எட்டிப் பார்க்க முடியாத விலை. 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 5டி அறிவிக்கப்பட்டது. அதே முழுச் சில்லு, 12.8 மெகாபிக்சல், கைக்கு அடக்கமான உடல். விலை 3,299 அமெரிக்க டாலர். இதுவும் பெருந்தொகைதான். ஆனால் எட்டாயிரத்தோடு ஒப்பிடும்போது பாதிக்கும் குறைவு. முழுச் சில்லு என்பது பெரிய ஸ்டுடியோக்களின் சொத்தாக இருந்த நிலை அதோடு மாறத் தொடங்கியது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், மார்க் 2 வந்தது. 21.1 மெகாபிக்சல். விலை 2,699 அமெரிக்க டாலர். தம்பி அண்ணனைவிட மலிவாகவே சந்தைக்கு வந்தார். அதோடு, அண்ணனிடம் அறவே இல்லாத ஒன்றையும் கொண்டு வந்தார். அது வீடியோ. முழு எச்டி தரத்தில் அசையும் படம் எடுத்த முதல் எஸ்எல்ஆர் கேமரா இதுதான்.

2009 ஜனவரியில் அமெரிக்க அதிபராகப் பொறுப்பேற்கவிருந்த பராக் ஒபாமாவின் அதிகாரபூர்வப் படத்தைப் பீட் சூசா எடுத்தது மார்க் 2 கேமராவில்தான். அமெரிக்க அதிபர் ஒருவரின் அதிகாரபூர்வப் படம் டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. 2010 மே மாதத்தில் 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாம் பருவ இறுதிப் பகுதி முழுவதும் இதே கேமராவில் படமாக்கப்பட்டு ஒளிபரப்பானது. படம் எடுப்பதற்கென்று செய்த கருவி, தொலைக்காட்சி நாடகத்துக்குள் நுழைந்துவிட்டது.

பிறகு 2012இல் மார்க் 3, 2016இல் மார்க் 4 என்று குடும்பம் பெருகியது. இன்று முதல் 5டியும் மார்க் 2வும் புதிதாகச் செய்யப்படுவதில்லை. கை மாறி வரும் பொருளாக மட்டுமே கிடைக்கின்றன. கோலாலம்பூரின் புடு பிளாசா, சிங்கப்பூரின் பெனின்சுலா போன்ற, படக்கருவிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற இடங்களில் இந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன் நின்று யோசித்தவர்கள் பலர்.

எது மாறியது, எது மாறவில்லை?

விளம்பரம் மாறியதை மட்டுமே சொல்லும். மாறாததையும் கேட்டுத் தெரிந்துகொள்பவரே கெட்டிக்காரர்.

மாறியவற்றை முதலில் பார்க்கலாம். படத்தின் அளவு 12.8 மெகாபிக்சலிலிருந்து 21.1 ஆக உயர்ந்தது. கேட்டவுடன் படம் இரு மடங்கு பெரியது என்று தோன்றும். உண்மையில் அகலவாக்கில் 4,368 புள்ளிகள் 5,616 ஆகியுள்ளன. அதாவது நீளத்திலும் அகலத்திலும் 29 விழுக்காடு கூடுதல். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று அச்சிட்டால், முதல் 5டியின் படம் ஏறக்குறைய 14 அங்குல அகலத்துக்கும் 9 அங்குல உயரத்துக்கும் தாராளமாகத் தாங்கும். மார்க் 2வின் படம் 18க்கு 12 வரை போகும். வழக்கமான 12க்கு 8 ஆல்பத்துக்கு முதலாவதே போதும். இரண்டு பக்கத்தையும் ஒரே படம் நிறைக்கும் பெரிய ஆல்பம் கேட்கும் வீட்டுக்கு இரண்டாவது நிம்மதி தரும்.

இதற்கு விலையும் உண்டு. ரா வடிவத்தில் முதல் கேமராவின் ஒரு படம் ஏறக்குறைய 13 மெகாபைட். மார்க் 2வில் ஏறக்குறைய 26. ஒரு திருமணத்தில் 1,500 படம் எடுத்தால் முதலாவதுக்கு 19 ஜிகாபைட், இரண்டாவதுக்கு 39 ஜிகாபைட். நினைவட்டை, கணினி, சேமிப்புத் தட்டு என்று எல்லாமே இரட்டிப்பாக வேண்டும். கேமராவை மட்டும் கணக்குப் பார்த்து வாங்கியவர் வீட்டுக்கு வந்த பிறகு கணினியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

அடுத்து வெளிச்சம். குறைந்த வெளிச்சத்தில் படமெடுக்க உதவும் ஐஎஸ்ஓ எண், முதல் 5டியில் வழக்கமாக 1600 வரை, நீட்டித்தால் 3200. மார்க் 2வில் வழக்கமாக 6400 வரை, நீட்டித்தால் 25600. 1600க்கும் 6400க்கும் இடையில் நான்கு மடங்கு. இதைக் கோயிலுக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால் பொருள் விளங்கும். 1600இல் விநாடிக்கு முப்பதில் ஒரு பங்கு நேரம் திறக்க வேண்டிய காட்சியை, 6400இல் ஏறக்குறைய நூற்று இருபதில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். முன்னதில் தாலி முடியும் விரல்கள் கலங்கிப் போகும். பின்னதில் விரல் நகத்தில் வைத்த மருதாணிகூடத் தெரியும். ஆனால் 6400இல் படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சல் உண்டு. அது இருக்கத்தான் செய்யும். கலங்கிய படத்தைவிட மணல் படிந்த படம் மேல்.

பின்புறத் திரை 2.5 அங்குலத்திலிருந்து 3 அங்குலமானது. புள்ளிகள் 2,30,000இலிருந்து 9,20,000 ஆயின. முதல் கேமராவின் திரையில் படம் கூர்மையாக விழுந்ததா என்று உறுதி செய்வது கடினம். வீட்டுக்குப் போய்க் கணினியில் திறந்தால்தான் உண்மை தெரியும். மார்க் 2வில் அங்கேயே தெரிந்துவிடும். சில்லைத் தானே உதறித் தூசு தட்டும் வசதியும் மார்க் 2வில் சேர்ந்தது. சாம்பிராணிப் புகையும் விபூதியும் குங்குமமும் நிறைந்த இடத்தில் லென்ஸ் மாற்றுபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

இனி மாறாதது. குவியம் பிடிக்கும் முறை மாறவில்லை. இரண்டிலும் தெரியும் புள்ளிகள் ஒன்பது. மறைவாக உதவும் புள்ளிகள் ஆறு. இரண்டிலும் நடுப்புள்ளி ஒன்றே உறுதியானது. ஓரப் புள்ளிகள் இருட்டில் தடுமாறும். மூன்று ஆண்டு கழித்து வந்த கேமராவில் இதை ஏன் விட்டுவிட்டார்கள் என்று அன்றே பலர் கேட்டார்கள். 61 புள்ளிகள் கொண்ட முறை 2012இல் மார்க் 3 வந்தபோதுதான் கிடைத்தது. வேகமும் பெரிதாக மாறவில்லை. விநாடிக்கு 3 படம் 3.9 ஆயிற்று. எடையும் மாறவில்லை, இரண்டும் மின்கலம் இல்லாமல் 810 கிராம்.

மாறாத இன்னொன்றை நேயர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். இரண்டு கேமராவிலும் நினைவட்டைக்கு ஒரே ஓர் இடம்தான். அட்டை கெட்டால் திருமணமே போயிற்று. ஒரே நேரத்தில் இரண்டு அட்டைகளில் பதியும் வசதி மார்க் 3இல்தான் வந்தது. ஆக, மேம்பட்டதை வாங்கிவிட்டால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடும் என்று நினைப்பது தவறு.

வள்ளுவர் காட்டிய வரிசை

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை 47ஆம் அதிகாரம். அதை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல். அரசனுக்குச் சொன்ன அந்த வரிசை, கடைத்தெருவில் நிற்கும் இளைஞருக்கும் பொருந்துகிறது.

முதலில் தெரிந்து செயல்படுதல். வரவு என்ன, செலவு என்ன என்று எடைபோடுதல். கேமராவின் விலைச்சீட்டில் எழுதியிருப்பது முழு விலையல்ல. மின்கலம், நினைவட்டை, லென்ஸ், கணினி எல்லாம் சேர்ந்ததே விலை. முதல் 5டியின் மின்கலம் பிபி-511ஏ என்ற பழைய வகை. மார்க் 2வின் எல்பி-இ6 வகையைப் பின்னால் வந்த பல கெனான் கேமராக்களும் பயன்படுத்தின. எது எளிதாகக் கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேச வேண்டும்.

இரண்டாவது வலியறிதல். கருவியின் வலிமை மட்டுமல்ல, தன் வலிமையும். சிறு சில்லுக் கேமராவோடு வந்த 18-55 லென்ஸை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அது ஈஎஃப்-எஸ் வகை. இந்த இரண்டு 5டியிலும் அது பொருந்தவே பொருந்தாது. உடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் அந்தக் கேமரா அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவது காலமறிதல். முதல் 5டிக்கு நிறுவனம் சொன்ன ஷட்டர் ஆயுள் 1,00,000 படம். மார்க் 2வுக்கு 1,50,000. திருமணத்துக்கு 1,500 படம் என்றால் முதலாவது 66 திருமணம், இரண்டாவது 100 திருமணம். இது புதிதாக இருந்தபோது போட்ட கணக்கு. பழைய கடையில் இருப்பது யாரோ எத்தனையோ திருமணம் எடுத்து முடித்த கேமரா. 2008இல் செய்தது என்பதாலேயே அது 2005இல் செய்ததைவிட இளமையானது என்று சொல்லிவிட முடியாது. வாரம் மூன்று கல்யாணம் பார்த்த மார்க் 2வைவிட, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பூப்படம் மட்டும் எடுத்துப் பத்திரமாக வைத்திருந்த முதல் 5டி அதிக நாள் உழைக்கக்கூடும்.

நான்காவது இடனறிதல். எங்கே எடுக்கப் போகிறோம்? நல்ல வெளிச்சத்தில், விளக்கு வைத்து, நின்று நிதானமாகக் குடும்பப் படம் எடுப்பவருக்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்படும் நாள் வராமலே போகலாம். விடியலுக்கு முன் பத்துமலையில் காவடி எடுப்பவரின் முகத்தைப் பிடிக்க நினைப்பவருக்கு அது ஒவ்வொரு தைப்பூசத்திலும் தேவைப்படும்.

வீடியோ ஆசை

"படத்தோடு வீடியோவும் எடுத்துக் கொடுங்க" என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். அதற்காகவே மார்க் 2 என்று முடிவு செய்பவர்கள் உண்டு. அவர்கள் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிவந்தபோது மார்க் 2 விநாடிக்கு 30 சட்டம் மட்டுமே பதிந்தது. ஷட்டர் முதலானவற்றை நாமே அமைக்கும் வசதிகூட 2009 ஜூன் மாத மென்பொருளில்தான் வந்தது. விநாடிக்கு 25 சட்டம் 2010 மார்ச் மாத மென்பொருளில் சேர்ந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இங்கே குழல் விளக்கு வெளிச்சத்தில் 25 சட்டமும் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டரும் வைத்தால் படம் துடிக்காமல் வரும். ஆகவே, பழைய மென்பொருளோடு அலமாரியில் தூங்கிய மார்க் 2 கிடைத்தால், முதல் வேலையாக அதைப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டியதும் பதிவு நின்றுவிடும். முழு எச்டியில் அது ஏறக்குறைய 12 நிமிடம். ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கியபோது பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக இருந்தவர், தாலி கட்டும் நேரத்தில் கேமரா நின்று போயிருப்பதைப் பார்த்தால் என்ன செய்வார்? பதியும்போது ஆள் நகர்ந்தால் குவியத்தையும் கையால்தான் சரிசெய்ய வேண்டும். வீடியோ மட்டுமே நோக்கம் என்றால், இன்றைய கேமராக்களும் நல்ல கைப்பேசிகளும் இந்த வேலையை இன்னும் சுலபமாகச் செய்கின்றன. மார்க் 2 வாங்க வீடியோ ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே காரணமாக இருக்கக் கூடாது.

கடையில் பத்து நிமிடம்

எதை எடுத்தாலும் பார்த்து எடுக்க வேண்டும். சொந்த நினைவட்டை ஒன்றைக் கையோடு கொண்டு போகலாம். கடையின் இருண்ட மூலையை 1600இல் இரண்டு கேமராவிலும் எடுத்து, வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கலாம். வெள்ளைச் சுவரை எஃப்/22இல் எடுத்தால் சில்லில் உள்ள தூசும் கீறலும் கரும்புள்ளிகளாகத் தெரிந்துவிடும்.

முதல் 5டியில் ஒரு குறையைச் சிறப்பாகக் கேட்க வேண்டும. உள்ளே மேலும் கீழும் அடிக்கும் கண்ணாடி, நாளடைவில் சில கேமராக்களில் ஒட்டு விட்டுக் கழன்றது. நிறுவனமே அதை ஏற்றுக்கொண்டு இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுத்தது. வாங்கப்போகும் கேமராவில் கண்ணாடி வலுப்படுத்தப்பட்டதா என்று கேட்பது அவசியம். திருமணத்தின் நடுவில் கண்ணாடி விழுந்தால் வியூஃபைண்டரில் பார்க்க ஒன்றும் இருக்காது.

மார்க் 2வும் குறையே இல்லாமல் பிறந்ததல்ல. தொடக்கத்தில் இரவுப் படங்களில் விளக்குகளின் ஓரத்தில் கருப்புப் புள்ளி விழுந்தது. 2009 ஜனவரியில் வந்த மென்பொருள் அதைச் சரிசெய்தது. புதியது என்பதற்காகக் குறையில்லாதது என்று பொருளில்லை. பழையது என்பதற்காக வேலை செய்யாது என்றும் பொருளில்லை. இரண்டுமே தயாரிப்பு நின்ற கேமராக்கள் என்பதால், பழுதானால் உதிரிப் பாகம் கிடைக்குமா என்று பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பதும் நல்லது.

இளைஞர் எடுத்த முடிவு

இப்போது கிள்ளான் இளைஞரிடம் திரும்பலாம். அவர் கடையிலிருந்து மூத்த படக்கலைஞருக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்.

"அண்ணே, மார்க் 2 எடுத்துடவா? கையில இருக்கிற காசு அதுக்குச் சரியா இருக்கு."

"லென்ஸுக்கு என்ன தம்பி பண்ணுவ?"

"அதான் என்கிட்ட 18-55 இருக்கே, அண்ணே."

"அது இதுல மாட்டவே மாட்டாது. வெறும் பாடிய வச்சுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவியா?"

இளைஞர் பேசாமல் நிற்கிறார். மூத்தவர் மெதுவாகக் கேட்கிறார்: "முதல் 5டி எடுத்தா மீதிக் காசுல என்ன கிடைக்கும்?"

"ஐம்பது எம்எம், ஒன் பாயிண்ட் எய்ட் ஒண்ணு இருக்கு, அண்ணே. ஒரு பேட்டரியும் கார்டும் வாங்கலாம்."

"அப்ப கணக்குப் போட்டுப் பாரு."

அந்தக் கணக்கில்தான் இந்த உரையின் சாரம் இருக்கிறது. மார்க் 2 உடல் 1600இலிருந்து 6400க்குப் போகிறது, நான்கு மடங்கு. எஃப்/4 ஜூம் லென்ஸுக்குப் பதில் எஃப்/1.8 லென்ஸ் போட்டால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதாவது, மேம்பட்ட உடல் தரும் லாபத்தை ஒரு சின்ன லென்ஸ் மலிவாகத் தந்துவிடுகிறது. ஆனால் சும்மா தருவதில்லை. எஃப்/1.8இல் கூர்மை விழும் ஆழம் மிகவும் குறைவு. மணமகளின் கண்ணில் விழ வேண்டியது காதில் விழுந்துவிடும். லென்ஸுக்கும் உடலுக்கும் இடையே குவியம் சற்றே பிசகினால் மார்க் 2வில் உள்ளமைப்பில் திருத்திக்கொள்ளலாம். முதலாவதில் அந்த வசதி இல்லை. நடுப்புள்ளியை மட்டும் நம்பி, பொறுமையாகப் பழக வேண்டும். காசு இல்லாத இடத்தில் பயிற்சி அந்தக் குறையை நிரப்புகிறது.

இளைஞர் முதல் 5டியை எடுக்கிறார். கண்ணாடியைச் சோதிக்கிறார். சுவரைப் படமெடுத்துப் பார்க்கிறார். லென்ஸ், மின்கலம், நினைவட்டை எல்லாம் வாங்கிய பிறகும் ஒரு கவலை மிஞ்சுகிறது. மறுபடியும் அழைக்கிறார்.

"அண்ணே, அன்னிக்கு இது நின்னு போச்சுன்னா?"

"அந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். என்னோட மார்க் 2வ எடுத்துக்கிட்டுப் போ. ஜூம் மாட்டியே இருக்கு. கூட்டத்த அதுல எடு. முகத்த உன்னோடதுல எடு. அடுத்த கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கலாம்."

ஒன்றில் எஃப்/4 ஜூம். அதன் குறையை உயர்ந்த ஐஎஸ்ஓ ஈடுசெய்கிறது. மற்றொன்றில் ஐஎஸ்ஓ குறைவு, அதை எஃப்/1.8 ஈடுசெய்கிறது. ஒன்றில் அட்டை கெட்டாலும் மற்றொன்றில் திருமணம் இருக்கும். ஒரே இரவில், ஒரே மண்டபத்தில், அண்ணனும் தம்பியும் சேர்ந்து நிற்கிறார்கள். இந்தப் பாதுகாப்பை எந்த மேம்பட்ட கேமராவும் தனியாகத் தர முடியாது.

யாருக்கு எது?

நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வதென்றால் இப்படிச் சொல்லலாம். படமெடுக்கப் பழகுபவர், பகலில், நிதானமாக எடுப்பவர் முதல் 5டியை எடுத்து, மிச்சப்படும் பணத்தை லென்ஸில் போடலாம். லென்ஸ் அடுத்த கேமராவுக்கும் கூடவே வரும். இருட்டில் நகரும் மனிதர்களை எடுத்துப் பிழைப்பவர், பெரிய ஆல்பம் செய்து கொடுப்பவர், நல்ல லென்ஸ் ஏற்கனவே வைத்திருப்பவர் மார்க் 2வை எடுக்கலாம். ஏற்கனவே முதல் 5டி வைத்திருப்பவர் மார்க் 2 வாங்கும்போது பழையதை விற்றுவிடக் கூடாது. விற்றால் கிடைக்கும் தொகை சிறியது. இரண்டாவது உடலாக அது காப்பாற்றப் போகும் பெயர் பெரியது.

இந்த மூன்றும் பொருந்தாதவர் இரண்டையும் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினாலும் தவறில்லை. தேவை என்னவென்று தெரியாமல் வாங்கிய எதுவும் மலிவில்லை.

ஆல்பத்தைப் புரட்டும் மணமகளின் தாயார் இது எந்தக் கேமராவில் எடுத்தது என்று ஒருபோதும் கேட்க மாட்டார். மகளின் கழுத்தில் தாலி ஏறிய அந்த நொடி அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அது இருந்துவிட்டால், கிள்ளானில் ஓர் அம்மா கொடுத்த சீட்டுப் பணமும் வீண் போகவில்லை.